மருத்துவமனையில் பூச்சி: மருந்து அடிப்பதற்கு முன்னால்

பட்டப்பகலில் வார்டுத் தரையில் ஒரு கரப்பான் பூச்சி குறுக்கே ஓடினால், பார்ப்பவர் ஒரே ஒரு பூச்சியைப் பார்த்ததாகத்தான் நினைப்பார். இந்தத் தொழிலில் ஊறியவர்கள் அப்படி நினைப்பதில்லை. கரப்பான் இருட்டில் நடமாடும் பிராணி. நாளின் பெரும்பகுதியைச் சுவர் இடுக்கிலோ மேசை மூட்டிலோ ஒண்டிக் கழித்துவிட்டு, விளக்கணைந்த பிறகுதான் இரை தேடக் கிளம்பும். பகலில் வெளியே வருகிறது என்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று: உள்ளே கூட்டம் பெருத்து ஒளிய இடம் போதவில்லை, இல்லாவிட்டால், யாரோ அண்மையில் மருந்து அடித்து அதைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

வழக்கமாக அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் புகார் எழுதுவார். அலுவலகம் பெஸ்ட் கண்ட்ரோல்காரர்களை அழைக்கும். கையில் ஸ்ப்ரேயரோடு ஒருவர் வந்து, சுவரும் தரையும் சேரும் ஓரமாக மருந்தை அடித்துக்கொண்டே போய், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். சில நாள் எதுவும் கண்ணில் படாது. அப்புறம் அதே இடத்தில் அதே பூச்சி. இது ஆண்டுக்கணக்கில் ஓடும் சுழற்சி. மருந்து போதாததால் இப்படி நடப்பதாகத்தான் பலரும் நம்புகிறார்கள். என் பார்வையில் காரணம் வேறு. பூச்சி வந்த வழி, அது குடித்த தண்ணீர், தின்ற உணவு, ஒளிந்த இடம் இவை நான்கும் மருந்து அடித்த பிறகும் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் மருந்து அடிக்க வந்தவரிடம் இல்லை.

மருத்துவமனை ஏன் வேறு மாதிரி

பூச்சியின் கண்ணோட்டத்தில் மருத்துவமனையைவிட வசதியான கட்டடம் கிடைப்பது கடினம். 24 மணி நேரமும் ஆள் நடமாட்டம், விளக்கு, இதமான சூடு. ஒரே ஒரு சமையலறையோடு விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு வார்டிலும் ஒரு பேன்ட்ரி, ஒவ்வொரு கட்டிலருகிலும் பிஸ்கட்டும் பழமும் இருக்கும் ஒரு லாக்கர், நர்ஸ்கள் அவசரமாகச் சாப்பிடும் ஒரு மூலை, உறவினர்கள் உட்காரும் வராந்தா. தண்ணீர்க் குழாய், ஆக்சிஜன் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, ஏசி டக்ட் எல்லாம் மாடிக்கு மாடி சுவரைத் துளைத்துக்கொண்டு போகின்றன. நாளெல்லாம் பெட்டியும் பையுமாக மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஹோட்டல் அறையில் மூட்டைப்பூச்சி வந்தால் அதைப் பூட்டி வைத்து வேலை பார்க்கலாம். ஐசியூவைப் பூட்டி வைக்க முடியாது.

படுத்திருப்பவர்களோ, பூச்சியைத் தட்டிவிடவும் தெம்பில்லாதவர்கள். திறந்த புண், ரத்த நாளத்துக்குள் போகும் குழாய், குறைமாதக் குழந்தை, எதிர்ப்புச் சக்தியை மருந்தாலேயே குறைத்து வைத்திருக்கும் உறுப்பு மாற்று நோயாளி. வெளியில் அற்பமாகத் தெரியும் ஓர் எறும்பு இங்கே அற்பமில்லை. அதே சமயம், பூச்சிக்கொல்லியைத் தாங்கவும் முடியாதவர்கள் இவர்களே. ஆஸ்துமாக்காரருக்குக் கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் இழுப்பைக் கிளப்பும். கரப்பானைக் கொல்ல அடிக்கும் ஸ்ப்ரேயின் நெடியும் அதையே செய்யும். அலுவலகத்தில் மருந்து அடித்தால் எல்லோரும் வெளியே போய் இரண்டு மணி நேரம் கழித்து வரலாம். வென்டிலேட்டரில் இருப்பவர் எங்கே போவார்?

சரி, பூச்சியால் உண்மையில் நோய் பரவுகிறதா? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. 1972-ல் லான்செட் மருத்துவ இதழில், மருத்துவமனைகளில் பிடித்த ஃபாரோ எறும்புகள் என்ற சின்னஞ்சிறு எறும்புகளின் மேல் சூடோமோனாஸ், சால்மொனெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் உள்ளிட்ட கிருமிகள் இருந்ததாக ஓர் ஆய்வு வெளிவந்தது. 2000-ல் வெளியான இன்னோர் ஆய்வு, தென்னாப்பிரிக்காவில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு ஒன்றில் ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமி பரவியபோது, அதில் கரப்பான்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றது. இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னது. பூச்சியின் உடம்பில் கிருமி இருப்பது ஒன்று. அந்தப் பூச்சிதான் நோயாளிக்குக் கொடுத்தது என்று நிறுவுவது வேறு. கழுவாத கைகள் பரப்பும் தொற்றோடு ஒப்பிட்டால் பூச்சியின் பங்கு சிறியது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கழிவுநீர் வாயிலும் குப்பைத் தொட்டியிலும் மேய்ந்துவிட்டு வந்த ஒன்று, கிருமி அண்டாமல் காக்க வேண்டிய கட்டின் மேல் நடப்பதை அனுமதிக்க, ஆதாரம் முழுதாக வரும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

மருந்து அடித்தால் பெருகும் எறும்பு

ஃபாரோ எறும்பு சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். சூடும் ஈரமும் அதற்கு வேண்டும். குளிர்நாடுகளில் வெளியே பிழைக்க முடியாமல், ஆண்டு முழுக்கச் சூடேற்றப்படும் கட்டடங்களுக்குள்ளேயே வாழ்கிறது. அதனால் அங்கேயும் மருத்துவமனைகள் அதற்குப் பிடித்த இடம். சுவருக்குள், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், மடித்து வைத்த துணிக்கு இடையில் என்று எங்கும் கூடு வைக்கும். இனிப்பும் தின்னும், புரதமும் தின்னும், ஈரத்தைத் தேடியும் போகும். டிரிப்ஸ் குழாயின் மூட்டிலும் கட்டுப் போட்ட புண்ணிலும் அது காணப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இதன் குடும்ப அமைப்பில்தான் வில்லங்கம். பல எறும்பு இனங்களில் ஒரு கூட்டுக்கு ஒரே ராணி. ஃபாரோ எறும்புக் கூட்டத்தில் ராணிகள் ஏராளம். பெரிய கூட்டத்தில் நூற்றுக்கணக்கில்கூட. ஆபத்து என்று தெரிந்தால், சில வேலைக்கார எறும்புகள் முட்டையையும் புழுவையும் தூக்கிக்கொண்டு, ஒன்றிரண்டு ராணிகளோடு வேறிடம் போய்த் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். ராணி கூட வராவிட்டாலும் பாதகமில்லை. கொண்டுபோன புழுக்களிலிருந்தே புது ராணியை வளர்த்துக்கொள்ள அவற்றால் முடியும்.

இப்போது அந்த ஸ்ப்ரேயரை நினைத்துப் பாருங்கள். சுவரோரம் அடித்த பைரித்ராய்டு மருந்து, இரை தேட வெளியே வந்த எறும்புகளை மட்டும் கொல்கிறது. அவை கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. மீதிக்கூட்டம் மருந்தின் எரிச்சலை உணர்ந்து நாலாகப் பிரிந்து, பக்கத்து அறைக்கும் மேல்மாடிக்கும் போகிறது. ஒரு வார்டில் இருந்த தொல்லை, அடுத்த மாதம் நான்கு வார்டுகளில். மறுபடி அடித்தால் எட்டு. 'எங்கள் மருத்துவமனையில் மருந்துக்கே அடங்காத எறும்பு' என்று யாராவது சொன்னால், அடங்காமல் போனதற்கு மருந்தே காரணமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது நேர் எதிரானது. எறும்பைக் கொல்லாமல், அதை நிம்மதியாகச் சாப்பிடவிட வேண்டும். மெதுவாக வேலை செய்யும் மருந்தோ, முட்டை உற்பத்தியையும் வளர்ச்சியையும் தடுக்கும் மெத்தோபிரீன் போன்ற மருந்தோ கலந்த இரையை, அவை வரிசையாகப் போகும் பாதையில் வைப்பார்கள். வேலைக்கார எறும்பு அதைத் தின்று, கூட்டுக்குப் போய் வாயோடு வாயாக ராணிக்கும் புழுவுக்கும் ஊட்டிவிடும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. எறும்பு போகும் தடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்துவிடவும் கூடாது. இரவு ஷிப்டில் ஒருவர் பொறுமையிழந்து, கடையில் வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரேயை அந்த வரிசை மேல் அடித்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண். அதனால்தான் இரை வைக்கும் அன்றே வார்டில் உள்ள எல்லோருக்கும், கடைநிலை ஊழியர் வரை, ஏன் எறும்பைக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்கிறோம் என்று விளக்கியாக வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் போதாது.

சிறிய பழுப்புக் கரப்பான்

மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வேர்விடும் கரப்பான் பெரும்பாலும் ஜெர்மன் கரப்பான் எனப்படும் சிறிய இனம். 12 முதல் 15 மில்லிமீட்டர் நீளம். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய கரப்பானைக் கண்டு அலறுகிறவர்கள், இந்தச் சிறியதைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். பெரியது பொதுவாக வெளியிலிருந்து வழிதவறி வந்த விருந்தாளி. சிறியது உள்ளேயே பிறந்து வளர்கிறது. பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய உறையை வயிற்றின் நுனியிலேயே, குஞ்சு பொரியும் நேரம் நெருங்கும்வரை சுமந்து திரியும். வாழ்நாளில் இப்படி நான்கு முதல் எட்டு உறைகள். சூடான இடத்தில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறையின் முட்டை வரை சுமார் மூன்று மாதம்.

இது தேடுவது சூடு, ஈரம், உடம்பின் இரு பக்கமும் உரசும் அளவுக்குக் குறுகிய இடுக்கு. இந்த மூன்றும் சேர்ந்த இடங்களை ஒரு வார்டில் தேடிப்பாருங்கள். பேன்ட்ரி ஃப்ரிட்ஜின் மோட்டார் பெட்டி. கதவு ரப்பரின் மடிப்பு. உணவு டிராலியின் அடித்தட்டு. சிங்க்குக்குக் கீழே வீங்கிப்போன பிளைவுட். டீ மெஷினின் பின்பக்கம். அதோடு, சாதாரணமாகத் தோன்றாத சில: மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டார், கம்ப்யூட்டர் கீபோர்டு. இவை எப்போதும் இளஞ்சூட்டில் இருப்பவை. இவற்றுக்குள் மருந்து அடிக்கவும் முடியாது. ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குக் கருவியை அவசரத்துக்குக் கைமாற்றும்போது, கரப்பானும் சேர்ந்து மாற்றலாகிப் போகிறது. பழுது பார்க்கும் பிரிவில் கருவியைத் திறந்து பார்ப்பவர் உள்ளே எச்சத்தையோ உதிர்ந்த தோலையோ கண்டால் அதைச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும்; பல இடங்களில் ஊதித் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அப்புறம் அட்டைப்பெட்டி. குளுக்கோஸ் பாட்டில், கையுறை, சிரிஞ்ச் எல்லாம் வந்து இறங்கும் அட்டைப்பெட்டியின் அலையலையான உள்மடிப்பு கரப்பானுக்கென்றே செய்த மாதிரி. சப்ளையர் குடோனில் ஏறிய பூச்சி வார்டு ஸ்டோரில் இறங்கும். பெட்டியை வெளிவாசலிலேயே பிரித்து, பொருளை மட்டும் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி உள்ளே அனுப்புவது செலவில்லாத வேலை. ஆனால் ஸ்டோர்காரர்கள் முனகுவார்கள், ஏனென்றால் பெட்டியில் அச்சடித்த பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அவர்களுக்குத் தேவை. அந்த விவரத்தைக் கூடைக்கு மாற்றும் வழியையும் சேர்த்து யோசிக்காமல் 'அட்டைப்பெட்டி கூடாது' என்று சுற்றறிக்கை விட்டால், ஒரு வாரம் நடக்கும், பிறகு நின்றுவிடும்.

இந்த இனத்தின் மேல் மருந்து ஏன் தோற்கிறது என்பது ஒரு தனிக்கதை. 2019-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு மருந்துக்கு ஆளான கரப்பான்களின் அடுத்த தலைமுறை, தான் தொட்டே இராத வேறு வகை மருந்துகளுக்கும் தாக்குப்பிடிப்பதைக் காட்டினார்கள். ஒரே தலைமுறையில். இன்னொன்று இதைவிட வேடிக்கை. இரையில் சேர்த்த குளுக்கோஸ் இனிப்பையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான்கள் இருப்பதாக 1993-ல் பதிவானது. இனிப்பு அவற்றின் நாவில் கசப்பாக உணரப்படுகிறது என்று 2013-ல் சயன்ஸ் இதழில் விளக்கம் வந்தது. விஷ இரையைத் தின்றவை செத்தன. இனிப்புப் பிடிக்காதவை பிழைத்து வம்சம் வளர்த்தன.

ஆக, மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதால் மட்டும் ஜெயிக்க முடியாது. ஜெல் வடிவ இரையைப் பட்டாணி அளவைவிடச் சிறிய புள்ளிகளாக இடுக்குகளுக்குள் வைப்பது இன்றும் நன்றாகவே பலன் தருகிறது. காற்றில் எதுவும் கலப்பதில்லை, நோயாளியை நகர்த்தவும் வேண்டாம். ஆனால் பக்கத்தில் சிந்திய சர்க்கரையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கரப்பான் ஏன் ஜெல்லைத் தேடி வர வேண்டும்? ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே பட்டால், அந்த நெடிக்கே அது ஜெல்லை அண்டாது. வாரம் ஒரு முறை ஸ்ப்ரேயும் மாதம் ஒரு முறை ஜெல்லும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அதை எழுதியவர் இரண்டில் ஒன்றுக்குக் காசை வீணாகக் கொடுக்கிறார்.

மற்றவை

எலி விஷயத்தில் அளவு முக்கியம். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் சந்து, சுண்டெலிக்குப் போதும். கதவுக்கு அடியில் பென்சிலை உருட்டிப் பார்ப்பது நல்ல பரிசோதனை. சுவரில் குழாய் நுழையும் துளையை ஃபோம் வைத்து அடைத்தால் ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும்; ஸ்டீல் வலையோ உலோகத் தகடோ வைத்து அதன் மேல் சிமென்ட் பூச வேண்டும். நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் விஷம் வைக்காமல் பொறி வைப்பதே நல்லது. ரத்தம் உறையாமல் தடுக்கும் எலி விஷத்தைத் தின்றது உடனே சாகாது, சில நாள் கழித்து எங்கேயாவது எட்டாத இடத்தில் போய்ச் சாகும். (1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்த வார்ஃபரின், சில ஆண்டுகளில் மனிதருக்கான மருந்தாகவும் ஆகி, இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. எலிக்கும் நோயாளிக்கும் ஒரே மருந்து, அளவுதான் வேறு.) ஆபரேஷன் தியேட்டர் பகுதியில் திடீரென்று பளபளக்கும் பச்சை, நீல ஈக்கள் தோன்றினால், ஜன்னலைப் பார்ப்பதற்கு முன் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பாருங்கள். மேலே செத்த எலியோ புறாவோ கிடக்க வாய்ப்பு அதிகம்.

குளியலறைச் சுவரில் உட்காரும் மயிரடர்ந்த சின்ன ஈ, வடிகாலுக்குள் படியும் வழவழப்பான பாசிப் படிவத்தில் வளர்வது. மேலே பிளீச்சிங் ஊற்றினால் படிவத்தின் மேல்பகுதி மட்டும் நனையும். புழு உள்ளே பத்திரமாக இருக்கும். நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத கழிப்பறையோ ஷவரோ இருந்தால் வடிகால் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் கழிவுநீர்க் குழாய்க்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவு. வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆள் இல்லாத அறைக்குப் போய் ஊற்றுவது யார் வேலை என்று எழுதி வைக்காததால்தான் அது நடப்பதில்லை.

டெங்கு நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் ஏடிஸ் கொசு இருந்தால் மருத்துவமனையே நோய் பரப்பும் இடமாகிவிடும். காய்ச்சலின் முதல் சில நாட்களில் நோயாளியைக் கடிக்கும் கொசு வைரஸை வாங்கிக்கொள்கிறது. ஏடிஸ் பகலில் கடிப்பது, ஆகவே வலையைப் பகலிலும் கட்ட வேண்டும். இதை மறந்து இரவில் மட்டும் கட்டுகிறார்கள். அதன் முட்டை, தண்ணீர் காய்ந்த பிறகும் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு நாள் இதைச் செய்தால் சங்கிலி அறுந்துவிடும். ஏசி தண்ணீர் வடியும் தட்டு, மொட்டை மாடித் தொட்டியின் உடைந்த மூடி, பழைய கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் குவிந்து கிடக்கும் பின்புறம் இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக நடைமுறையில் நிறுவப்படவில்லை. ஆனால் அவமானத்தைப் பரப்புகிறது. நோயாளியின் பையில் வந்ததா, மெத்தையில் ஏற்கெனவே இருந்ததா என்ற வாக்குவாதத்தில் நேரம் போய்விடும். ஊழியர் தன் கட்டிலில் பார்த்ததைச் சொன்னால் தன்மேல் பழி விழும் என்று பயந்தால், சொல்லவே மாட்டார். செய்ய வேண்டியதோ எளிது: துணிகளை அங்கேயே பையில் போட்டுக் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, சூட்டில் உலர்த்துவது, மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை, காத்திருப்போர் நாற்காலிகளின் தையலையும் சக்கர நாற்காலியின் மடிப்பையும் டார்ச் அடித்துப் பார்ப்பது. மூட்டைப்பூச்சி இருக்கும் கட்டிலைப் பக்கத்து அறைக்கு மாற்றுவது மட்டும் கூடாது.

புறா பூச்சி இல்லைதான். ஆனால் அதன் காய்ந்த எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை வளரும், கூட்டிலிருந்து உண்ணி ஜன்னல் ஏசி வழியாகக் கட்டிலுக்கு வரும். எச்சத்தை உலர்ந்தபடியே துடைப்பத்தால் கூட்டாமல், நனைத்து, முகக்கவசத்தோடு அள்ள வேண்டும். வலை அடிப்பது அதற்கு அடுத்த வேலை. அதற்குள் கூடு கட்டியிருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும்.

பசை அட்டை சொல்வது

1959-ல் கலிஃபோர்னியாவின் பூச்சியியலாளர்கள் நால்வர், வயல்களுக்காக ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: நாள் பார்த்து மருந்து அடிக்காதே, முதலில் எண்ணு, எண்ணிக்கை சேதம் தரும் அளவை நெருங்கும்போது மட்டும் அடி. இன்று ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று ஒப்பந்தங்களில் தாராளமாக எழுதப்படுவதற்கு வேர் இதுதான். வயலில் அந்த அளவைப் பண இழப்பை வைத்துக் கணக்கிடலாம். மருத்துவமனையில் இடத்துக்கு இடம் மாறும். ஆபரேஷன் தியேட்டரில் ஓர் ஈ இருந்தாலே நடவடிக்கை. தோட்டத்தில் எறும்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்ணுவதற்கான கருவி மிக எளியது: விஷமில்லாத பசை அட்டை. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, கட்டட வரைபடத்தில் குறித்து, சிங்க்குக்குக் கீழே, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், ஸ்டோர் மூலையில், சுவரை ஒட்டி வைப்பார்கள். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். படிக்கத் தெரிந்தவருக்கு அது நிறையச் சொல்லும். ஒரு பேன்ட்ரியில் வைத்த மூன்று அட்டைகளில், வாசலருகே உள்ளதில் வளர்ந்த ஆண் கரப்பான் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால், அது எதனுடனோ சேர்ந்து வந்ததாக இருக்கலாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ளதில் கடுகளவிலிருந்து அரிசி அளவு வரை பல அளவில் இறக்கையில்லாத குஞ்சுகள் ஒட்டியிருந்தால், அவை தொலைவிலிருந்து வந்திருக்க முடியாது. கூடு ஓரிரு அடிக்குள் இருக்கிறது. பெரும்பாலானவை ஒரே பக்கத்திலிருந்து ஏறியிருந்தால் அந்தப் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது அட்டை காலியாக இருந்தால் அங்கே மருந்து எதற்கு? ஒரு ஃப்ரிட்ஜை நகர்த்தி, பின்னால் சொட்டும் குழாய் மூட்டை இறுக்கி, பிளைவுட்டை மாற்றி, இடுக்கில் ஜெல் வைத்து, சுவர்ச் சந்தைச் சிலிக்கானால் மூடினால் முடியும் வேலை அது. முழு மாடிக்கும் மருந்து அடித்திருந்தால் அந்தச் சொட்டும் குழாய் கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இதில் யாருக்கும் பிடிக்காத ஓர் உண்மை உண்டு. குழாயை இறுக்குவது பொறியியல் பிரிவின் வேலை, பிளைவுட் கொள்முதல் பிரிவு, தரை ஹவுஸ்கீப்பிங், உணவு டிராலி சமையலறை, ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது நர்ஸிங் பிரிவு. பூச்சி மட்டும் பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனியின் தலையில். அவர்கள் மாதாமாதம் கொடுக்கும் அறிக்கையின் கடைசி வரியில் 'நீர்க்கசிவு உள்ளது, சரிசெய்யவும்' என்று எழுதியிருப்பார்கள். அதைக் கோப்பில் வைப்பதற்கு ஆள் உண்டு, படிப்பதற்கு இல்லை. தொற்றுத் தடுப்புக் குழுவின் மாதக் கூட்டத்தில் இந்த வரிகளை மட்டும் எடுத்து, எது முடிந்தது, எது முடியவில்லை, யாரிடம் நிற்கிறது என்று கேட்டாலே பாதிப் பூச்சி குறையும் என்பது என் கணிப்பு. ஒப்பந்தத்தையும் 'மாதம் இத்தனை முறை தெளிப்பு' என்று எழுதாமல், இத்தனை ஆய்வு, இத்தனை அட்டை, கண்டுபிடித்த இத்தனை குறைகள் என்று எழுதலாம். இப்போதைய கணக்கில் அதிகம் தெளிப்பவர்தான் அதிகம் உழைப்பவராகத் தெரிகிறார்.

ஊழியர் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். 'வார்டுக்குள் உணவுக்கு அனுமதியில்லை' என்ற பலகையால் ஒரு பூச்சியும் குறைந்ததில்லை. 12 மணி நேர ஷிப்டில் இருப்பவர் சாப்பிடத்தான் செய்வார். நோயாளியோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவரும் சாப்பிடத்தான் செய்வார். தடை போட்டால் டிராயருக்குள் ஒளித்துச் சாப்பிடுவார்கள், துணுக்கு அங்கேயே விழும். உட்கார ஓர் இடம், மூடி போட்ட டப்பா, மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி, இரவு உணவுக்குப் பின் குப்பையை எடுக்க ஓர் ஆள். கரப்பான் கிளம்பும் நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தால், காலையில் எவ்வளவு பளிச்சென்று துடைத்தும் பலனில்லை.

மருந்து எப்போது

மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெருத்துவிட்ட கூட்டத்தைக் குறைக்கவும், டெங்கு பரவும் காலத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லவும் அது தேவைதான். நோயாளி இருக்கும் அறையில் அடிக்கக் கூடாது. அடிக்கும் முன் வார்டு மருத்துவருக்குத் தெரிய வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று பதிவு இருக்க வேண்டும், பிறகு யாருக்காவது மூச்சுத்திணறல் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். சுவருக்குள் உள்ள வெற்றிடங்களில் போரிக் பவுடர் போன்ற தூளை ஊதி மூடிவிடுவது, மூடிய பெட்டியில் இரை வைப்பது போன்றவை முதல் தேர்வு. கட்டடத்துக்குள் புகை போடுவதுதான் மிக மோசமானது. பார்க்க பிரமாதமாக இருக்கும். கரப்பான் இருக்கும் இடுக்குக்குள் போகாது. மேசை, கருவி, படுக்கை மேலெல்லாம் படியும். ஃபயர் அலாரத்தையும் அடிக்கவைக்கும். அல்ட்ராசோனிக் விரட்டி என்று பிளக்கில் மாட்டும் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாங்காதீர்கள்.

ஈப்பொறி விளக்கிலும் வகை பார்க்க வேண்டும். படபடவென்று ஷாக் அடித்துக் கொல்லும் வகை, செத்த ஈயின் துணுக்கைச் சுற்றிலும் தெறிக்கவைக்கும்; சமையலறைக்கும் வார்டுக்கும் பசைத்தாள் வகையே ஏற்றது. உணவு வைக்கும் மேடைக்கு மேலே மாட்டக் கூடாது, வெளியிலிருந்து தெரியும்படியும் மாட்டக் கூடாது, இல்லாவிட்டால் தெருவில் போகும் ஈயை அதுவே உள்ளே அழைக்கும். குழல்விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் சுமார் ஓராண்டில் அதன் புறஊதாக் கதிர் குறைந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. வாசலுக்கு நேர் மேலே பளீரென்ற வெள்ளை விளக்கு இருந்தால், அதைத் தள்ளி ஒரு கம்பத்தில் வைத்து வாசலை நோக்கித் திருப்பினால் இரவுப் பூச்சிகள் கம்பத்தோடு நின்றுகொள்ளும்.

கட்டட வேலை நடக்கும் காலம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பக்கத்தில் தோண்டினால் எலி வளை இழந்து இந்தப் பக்கம் வரும். பழைய சுவரை இடித்தால் உள்ளே இருந்த எறும்பும் கரப்பானும் இடம்பெயரும். புதிதாகக் கேபிள் போடுபவர் மாடிக்கு மாடி துளை போட்டுவிட்டு, அதை மூடாமலேயே பில் வாங்கிப் போய்விடுவார். துளை போட்டவரே மூடி, அதை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் இது தீரும். புதிய வார்டை ஒப்படைக்கும் முன், ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன்னால், டார்ச்சோடு ஒருவர் ஏறி ஒவ்வொரு குழாய்த் துளையையும், ஒவ்வொரு டக்ட் மூட்டையும் பார்த்துவிட வேண்டும். மூடிய பிறகு பார்க்க வேண்டுமானால் நோயாளிகளை வெளியேற்றித்தான் பார்க்க முடியும்.